வாரியப் பெருமக்களும் ஒரு பூலியனும்

உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தகனின் 919, 921ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள் இருக்கின்றன. அவை சொல்லும் குடவோலைத் தேர்தல் என்றதும் பலருக்குப் பள்ளிப் பாடம் ஞாபகம் வரும். சாட் செயலிக்கு கோட் எழுதுகிற எனக்கு அது ரோல்களை வகுத்த ஆவணமாகத்தான் தெரிகிறது. 30 குடும்பு (வட்டம்), சம்வத்சர (ஆண்டு) வாரியத்துக்கு 12 பேர், தோட்ட வாரியத்துக்கு 12, ஏரி வாரியத்துக்கு 6, பதவிக்காலம் 360 நாள். (நிலமும் வேதக் கல்வியும் உள்ளவர்கள்தான் தேர்வாக முடிந்தது என்பதையும் மறக்கக் கூடாது.) ஆள், அவர் உட்காரும் வாரியம், உட்காரும் காலம் மூன்றையும் தனித்தனியாகச் செதுக்கியிருக்கிறார்கள்.

நாம் என்ன செய்கிறோம்? யூசர் டேபிளில் 'அட்மினா' என்று ஒரு பூலியன் நெடுவரிசை சேர்க்கிறோம். அடுத்த மாதம் 'நெறியாளரா', அதற்கடுத்து 'தடைசெய்யப்பட்டவரா'. மூன்று ஆம்-இல்லைக்கு எட்டுச் சேர்க்கைகள். அட்மினாகவும் தடைசெய்யப்பட்டவராகவும் ஒரே ஆள் இருந்தால் என்ன செய்வது? ஒரே ஒரு அட்மின் போதும் என்கிற சின்னச் செயலிக்கு மட்டும் இது சரி.

அடுத்தது enum, அதாவது ஈனம். (தமிழில் எழுதினால் பொருள் விகாரமாகிறது, என்ன செய்ய?) ஒருவருக்கு ஒரே ரோல், பெயர்களின் பட்டியல் கோடிலேயே இருக்கும், எழுத்துப்பிழையை கம்பைலரே பிடித்துவிடும். ஆனால் டேட்டாபேஸில் எண்ணாகச் சேமிக்காதீர்கள். நான் பட்டிருக்கிறேன். பார்வையாளர் 0, உறுப்பினர் 1, நெறியாளர் 2, நிர்வாகி 3 என்று இருந்தது. பார்வையாளர் தேவையில்லை என்று பட்டியலிலிருந்து நீக்கினேன். பின்னால் இருந்தவை ஒரு படி முன்னால் நகர்ந்தன. டேபிளில் 1 என்றிருந்த அத்தனை உறுப்பினர்களும் நெறியாளர் ஆனார்கள். அன்று மாலை யார் செய்தியை யார் அழித்தார் என்று ஒரே பஞ்சாயத்து. பெயராகவே சேமித்திருந்தால் இது நடந்திருக்காது.

மேட்ரிக்ஸ் என்ற அரட்டை நெறிமுறை எண்ணையே ரோலாக வைத்துக்கொள்கிறது. சாதாரண ஆளுக்கு 0, நெறியாளருக்கு வழக்கமாக 50, நிர்வாகிக்கு 100. ஒருவரை வெளியேற்றக் குறைந்தது எவ்வளவு வேண்டும் என்பதை அந்தந்த அறையே வைத்துக்கொள்ளலாம். எல்லா அதிகாரமும் ஒரே ஏணியில் நின்றால் இது அழகு. ஏரி வாரியக்காரர் தோட்ட வாரியக்காரருக்கு மேலா கீழா என்று கேட்டால் ஏணி பதில் சொல்லாது.

அதற்கு டிஸ்கார்டின் வழி: ஒவ்வொரு அனுமதிக்கும் ஒரு பிட். வெளியேற்றுவதற்கு 2, தடை செய்வதற்கு 4, முழு அட்மினுக்கு 8. ரோல் என்பது இப்படிப்பட்ட பிட்களின் தொகுப்பு. ஒருவருக்குப் பல ரோல்கள் இருக்கலாம். சரிபார்ப்பு மின்னல் வேகம். ஆனால் டேபிளைத் திறந்து 1,099 என்ற எண்ணைப் பார்க்கிறவருக்கு ஒன்றும் புரியாது. ஜாவாஸ்கிரிப்டில் 53 பிட்டுக்கு மேல் முழு எண்ணை நம்ப முடியாது என்பதால், டிஸ்கார்டே இந்த எண்ணைச் சரமாகத்தான் அனுப்புகிறது. அனுமதிகள் ஐம்பதை எட்டாத நமக்கு இந்தச் சிக்கனம் எதற்கு?

என் தேர்வு தனி டேபிள்: ஆள், அறை, ரோல், கொடுத்தவர், முடியும் தேதி. எக்ஸ்எம்பிபி நெறிமுறையின் குழு அரட்டை விதியும் இதற்குப் பக்கத்தில் வருகிறது. உரிமையாளர், நிர்வாகி, உறுப்பினர் என்ற நிரந்தர உறவு தனி. இப்போது அறைக்குள் இருக்கும்வரை மட்டும் செல்லும் ரோல் தனி. எந்த ரோலுக்கு எதற்கெல்லாம் அனுமதி என்பதை ஒரே ஃபங்ஷனில் வையுங்கள். திரை எதுவானாலும் 'இவர் இந்த அறையில் இதைச் செய்யலாமா?' என்று அதைத்தான் கேட்க வேண்டும், 'இவர் அட்மினா?' என்ற கேள்வி கோடில் வேறெங்கும் வரக் கூடாது. கூடுதலாக ஒரு ஜாயின் ஆகும், அவ்வளவுதான்.

முடியும் தேதியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். மதகு திறக்கும் நேரத்தை ஏரி அறையில் பின் செய்து வைக்க ஒருவருக்கு 360 நாள் உரிமை கொடுத்தோம் என்று வையுங்கள். 361ஆம் நாள் காலை, யாரும் நீக்காமலே, அவர் திரையில் அந்தப் பொத்தான் இருக்காது. தோட்ட அறையில் அவர் பேச்சு எப்போதும்போல் ஓடிக்கொண்டிருக்கும்.