ஓடை வழியே புதையல் வேட்டை

கேள்வி: படகில் ஜி.பி.எஸ். எங்களைக் கைவிட்டதே இல்லை. அதை நம்பிக் காளிகேசம் ஓடை வழியே மேலேறி, ஒளித்துவைத்த டப்பாவைத் தேடும் ‘ஜியோகேச்சிங்’ விளையாட்டை நண்பர்களோடு விளையாடலாமா?
– வாசகர், இனயம்

பதில்: அருமையான ஆசை. 2000 மே மாதம் ஜி.பி.எஸ். சிக்னலில் வேண்டுமென்றே கலந்திருந்த பிழையை அமெரிக்க அரசு நீக்கியது. உடனே ஓரிகன் மாநிலத்தில் ஒருவர் வாளி ஒன்றை ஒளித்துவைத்து, இடத்தை இணையத்தில் அறிவித்தார். விளையாட்டு அப்படித்தான் பிறந்தது.

ஆனால் கடல் வேறு, மலை வேறு. கடலில் வானம் முழுக்கத் திறந்து கிடக்கிறது. ஓடைப் பள்ளத்தில் மலையும் மரமும் வானத்தை மறைக்கும். சிக்னல் பாறையில் பட்டுத் தெறிக்கும். கருவி பல மீட்டர் தள்ளி இடம் காட்டும். செங்குத்துப் பாறையில் அது உயிர் விஷயம்.

அதைவிட எனக்குத் தண்ணீர்தான் பயம். கீழே வெயில் அடிக்கும்போதே மேலே மழை கொட்டும். தெளிந்த நீர் திடீரெனக் கலங்கி, சருகும் குச்சியும் மிதந்து வந்தால் அந்த நிமிடமே கரையேறிவிடுங்கள். பாசிப் பாறையில் ஏறிவிடலாம், இறங்குவதுதான் பாடு.

மேலும், காளிகேசம் வனத்துறையின் காடு. மலையேறப் போனவர்கள் பலர் காட்டுத்தீயில் உயிரிழந்த 2018 குரங்கணித் தீவிபத்தை மறக்க முடியுமா? அனுமதியும் வழிகாட்டியும் இல்லாமல் போகவே கூடாது. காட்டுக்குள் டப்பா எதையும் வைக்காதீர்கள். டப்பாவே தேவைப்படாத, நில அமைப்பைப் பார்த்துக் கேள்விகளுக்கு விடை சொல்லும் ‘எர்த்கேச்’ முறை இருக்கிறது. முதலில் மருந்துவாழ்மலையில் ஏறிப் பழகுங்கள்.