நுணுக்கம் செதுக்கும் முன்: எந்த ரீமெஷ்?

தோல் சுருக்கம், துணி நெசவு என்று நுணுக்க வேலையில் இறங்குவதற்கு முன்பே மெஷ்ஷைச் சீராக்கிவிட வேண்டும். வழி மூன்று: வோக்ஸல் ரீமெஷ், தானியங்கி குவாட் (நாற்கர முக) ரீமெஷ், கையால் போடும் ரீடோபாலஜி. சிற்பம் கடைசியில் எங்கே போகப்போகிறது என்று முதலில் முடிவு செய்யுங்கள்.

3டி பிரிண்டுக்கு மட்டும் என்றால் வோக்ஸல் போதும். பிளெண்டரில் 2019இல் வந்த 2.81 பதிப்பிலிருந்து இருக்கிறது. ஸீபிரஷ்ஷில் இதே வேலைக்கு டைனமெஷ். தனித்தனித் துண்டுகளை ஒரே தோலாக்கிவிடும். உருவத்தைத் தேடும் கட்டத்தில் இதற்கு நிகர் கிடையாது. ஆனால் மூக்கு நுனிக்கும் முதுகுக்கும் ஒரே அடர்த்தி, நெருங்கிய விரல்கள் ஒட்டிக்கொள்ளும். நுணுக்கம் ஏற ஏறக் கணினி திணறும்.

பெரும்பாலான சிற்பங்களுக்கு நான் சொல்வது தானியங்கி குவாட்தான். ஸீபிரஷ்ஷில் ஸீரீமெஷர், பிளெண்டரில் குவாட்ரிஃப்ளோ. காரணம் மல்டிரெஸ், அதாவது மெஷ்ஷைப் படிப்படியாகப் பிரித்துச் செதுக்கும் முறை. ஒவ்வொரு படியிலும் முகங்கள் நான்கு மடங்காகும். 10,000 முகத்தில் தொடங்கினால் ஐந்தாம் படியில் ஒரு கோடியைத் தாண்டும். அப்போதும் அடிப்படிக்கு இறங்கித் தாடையை நகர்த்தலாம், மேலே செதுக்கிய தோல் துளைகள் கூடவே நகரும். இந்த வசதிக்காகவே சுத்தமான குவாட் மெஷ் வேண்டும் என்கிறேன்.

ஒன்றைச் சோதிக்காமல் மேலே போகாதீர்கள். பிளெண்டரில் எடிட் மோடுக்குப் போய், முன்கையில் குறுக்கே ஓடும் ஒரு விளிம்பை ஆல்ட் அழுத்திக் கிளிக் செய்யுங்கள். தேர்வு கையை ஒரு சுற்றுச் சுற்றித் தொடங்கிய இடத்திலேயே முடிந்தால் நல்லது. முடியாமல் முழங்கை வரை சுருண்டுகொண்டே ஏறினால் அது சுருள். முகங்களின் எண்ணிக்கையை மாற்றி மறுபடி ஓட்டுங்கள். ஸீரீமெஷரில் கையைச் சுற்றி வழிகாட்டிக் கோடு வரையலாம். குவாட்ரிஃப்ளோவில் அந்த வசதி இல்லை.

முகம் பேசி நடிக்க வேண்டுமா? அப்படியானால் கையால்தான் போட வேண்டும். கண்ணையும் வாயையும் சுற்றி வளையம் வளையமாக எட்ஜ் லூப் ஓட வேண்டும். ஐந்து விளிம்புகள் கூடும் புள்ளிகளைத் தவிர்க்க முடியாது. அவற்றை வாய்க்கோடியின் மடிப்பில் விடாமல் கன்னத்துக்குத் தள்ளுங்கள். மடிப்பில் விட்டால் சிரிக்கும்போது தோல் கிள்ளியதுபோல் இழுபடும். நேரம் இல்லையென்றால் முகத்தை மட்டும் கையால் போட்டு, உடம்பைத் தானியங்கிக்கு விடலாம். கழுத்தில் இரண்டு பக்கமும் விளிம்பு எண்ணிக்கை ஒத்துப்போனால் தைப்பது சுலபம்.

எந்த வழியில் போட்டாலும் பழைய சிற்பத்தை நகல் எடுத்து வையுங்கள். அதன் வடிவத்தைப் புது மெஷ்ஷுக்கு ஷ்ரிங்க்ராப்பில் ஏற்றும்போது ஒரு படி உயர்த்தி ஒருமுறை ஒட்டுங்கள். பிறகு அடுத்த படி. நேராக உச்சிக்குப் போனால் காதிலும் உதட்டிலும் முள் முளைக்கும். வாய் சற்றுத் திறந்திருந்தால் மேலுதடும் கீழுதடும் ஒன்றோடொன்று சிக்காது.