நாயைக் குளிப்பாட்டுதல்: உண்ணியும் தெள்ளும்

வன்னியில் நாய் அழகுக்காக வளர்க்கப்படுவதில்லை. வயலுக்குப் பன்றி இறங்குவதையும் வளவுக்குள் பாம்பு நுழைவதையும் முதலில் அறிவிப்பது அதுவே. 1995 ஒக்டோபரில் வலிகாமத்திலிருந்தும், 1996 இல் கிளிநொச்சியிலிருந்தும், பின்னர் 2009 வரையிலும் இடம்பெயர்ந்தோரில் எத்தனையோ பேர் நாயைப் படலையடியில் விட்டுவிட்டே வந்தார்கள். அதை இன்றும் மனக்குறையாகச் சொல்பவர்களை நாம் சந்திக்கிறோம்.

குடிதண்ணீருக்கே வாளியோடு வரிசையில் நிற்கும்போது நாய்க்கா தண்ணீர் என்று கேட்பீர்கள். கேள்வி நியாயமானதே. ஆயினும் நாயின் உடம்பிலுள்ளவை நாயோடு நின்றுவிடுவதில்லை. அதனோடு ஒரே பாயில் புரளும் பிள்ளைக்கும் அவை வந்து சேருகின்றன.

முதலில் உண்ணியைக் கவனிப்போம். இரத்தம் குடித்து ஊதிய பெண் உண்ணி நாயிலிருந்து கீழே விழுந்து, மண்சுவர் வெடிப்பிலோ மரப்பலகை இடுக்கிலோ ஆயிரக்கணக்கில் முட்டையிட்டுச் சாகிறது. வளர்ந்த உண்ணி உணவின்றி ஓராண்டுக்கு மேலும் உயிரோடிருக்க வல்லது. தெள்ளு இன்னும் தந்திரமானது. அதன் முட்டைகள் மணலிலும் சாக்கிலும் உதிர்கின்றன. புழு கூட்டுப்புழுவாகி, மாதக்கணக்கில் கூட்டுக்குள் காத்திருக்கக்கூடும். காலடி அதிர்வையும் உடற்சூட்டையும் உணர்ந்ததும் வெளியே பாய்கிறது. ஆளில்லாமற் கிடந்த வீட்டுக்குத் திரும்பிய அன்றே கால் நிறையத் தெள்ளு ஏறுவதற்கு இதுவே காரணம். வீட்டுக்கு ஏதோ தோஷம் என்று எவரும் பயப்பட வேண்டியதில்லை. குடிபுகுமுன் நன்றாகக் கூட்டி, குப்பையை எரித்து, சுவர் வெடிப்புகளைக் களிமண்ணால் அடைத்துவிடுங்கள். தெள்ளை விழுங்க நேரும் பிள்ளைக்கு நாய்க்குரிய நாடாப்புழு தொற்றுவதும் உண்டு.

ஆகவே நாயை மட்டும் கழுவிவிட்டு அது படுக்கும் சாக்கை அப்படியே விட்டால், செய்த வேலை வீண். சாக்கையும் அதே நாளில் கொதிநீரில் ஊறவைத்து வெயிலிற் போட வேண்டும்.

நல்ல சுகத்தோடுள்ள நாய்க்கு மாதம் ஒரு குளிப்புப் போதும். இரண்டு வாளித் தண்ணீரே தேவை. வெயில் ஏறிய காலை நேரத்தில், கிணற்றடியை விட்டுத் தள்ளி, வாழையடியில் வைத்துக் குளிப்பாட்டினால் வாழைக்கும் ஈரமாகும். முதலிற் சிக்கெடுத்து வாருங்கள். பின்னர் கழுத்தைச் சுற்றி மட்டும் நனைத்துச் சவர்க்கார நுரையால் ஒரு வளையம் போடுங்கள். இல்லாவிடில் உடலை நனைத்ததும் தெள்ளுகள் முகத்துக்கும் காதுக்கும் ஓடிவிடும். அதன்பின் முதுகு, வயிறு, கால் என்று தேய்த்து, ஐந்து நிமிடம் பொறுத்து, நுரை எஞ்சாமல் அலசுங்கள். உடுப்புத் தோய்க்கும் சவர்க்காரம் ஆகாது. அது தோலை வறட்டிச் சொறியைக் கூட்டும். குழந்தைகளுக்குரிய சவர்க்காரம் பரவாயில்லை. காதுக்குள் தண்ணீர் வார்க்காமல், விரலிற் சுற்றிய துணியால் துடைத்துவிடுங்கள். இரண்டு மாதம் நிறையாத குட்டியையும் சுகமில்லாத நாயையும் ஈரத்துணியால் துடைத்தாலே போதும்.

வேப்பிலை அவித்த தண்ணீரை ஆறவைத்துக் கடைசியாக ஊற்றும் வழக்கம் எம்மவரிடம் உண்டு. அது அரிப்பைச் சற்றுத் தணிக்கலாம். உண்ணியை ஒழித்துவிடும் என்று நம்பியிருக்க வேண்டாம். உண்ணியைக் கையாற்தான் எடுக்க வேண்டும். காதின் உட்புறத்திலும் கால்விரல் இடுக்கிலும் வாலடியிலும் தேடுங்கள். சாவணத்தால் தோலோடு ஒட்டப் பிடித்து நேராக இழுத்து, சவர்க்காரத் தண்ணீருள்ள போத்தலிற் போடுங்கள். நகத்தால் நசுக்குவதும் நெருப்புக்குச்சியாற் சுடுவதும் கூடாது.

இனி வருவதைப் பொறுமையோடு வாசிக்க வேண்டுகிறோம். 2011 இல் மீளக்குடியமர்ந்த ஓர் ஊரில், நெல்லுக்கு அடித்து மிஞ்சிய பூச்சிமருந்தைத் தண்ணீரிற் கலந்து ஒரு குடும்பத்தார் நாயைக் குளிப்பாட்டினார்கள். சிறிது நேரத்தில் நாய்க்கு வாயில் நுரை தள்ளி உடம்பு நடுங்கியது, பொழுதுபடச் செத்தது. நாயைப் பிடித்துக்கொண்டிருந்த மகனும் சத்தியெடுத்து ஆசுபத்திரிக்குக் கொண்டுபோகப்பட்டான். பிள்ளை பிழைத்துக்கொண்டான். தகப்பனார் கல்வியறிவற்றவர் அல்லர். பூச்சியைக் கொல்லும் மருந்து உண்ணியையும் கொல்லும் என்று கணக்குப் போட்டார், அவ்வளவுதான். இம்மருந்துகள் பல தோலினூடாகவே இரத்தத்திற் சேருகின்றன. மெத்தமிடொபொஸ் 1995 இலும் எண்டோசல்பான் 1998 இலும் இலங்கையில் தடைசெய்யப்பட்டன. அதனால் இன்று கடையிலுள்ளவை தோலுக்கு ஏற்றவை என்றாகாது. தவறி மருந்து பட்டுவிட்டால் நிறையத் தண்ணீரும் சவர்க்காரமும் கொண்டு உடனே கழுவி, நாயை மிருக வைத்தியரிடமும் ஆளை ஆசுபத்திரிக்கும் கொண்டு செல்லுங்கள்.

சொறிக்குக் கழிவு ஒயில் பூசுவதும் இதே வகையானதுதான். நாய் தன்னை நக்கும். ஒயில் வயிற்றுக்குள் போகும். சொறி ஒரு நுண்ணிய சிற்றுண்ணியால் வருவது. மிருக வைத்தியர் அதற்கு ஊசியோ மாத்திரையோ தருவார். ஒயிலின் விலையை விட அது கூடத்தான். ஆனால் நாய் மிஞ்சும்.

குளிப்பாட்டும்போது நாய் கடித்தாலோ கீறினாலோ, அது எங்கள் நாய்தானே என்று விட வேண்டாம். காயத்தை ஓடும் தண்ணீரிலும் சவர்க்காரத்திலும் பதினைந்து நிமிடம் கழுவி ஆசுபத்திரிக்குப் போக வேண்டும். விசர்நாய்க்கடி நோய் முற்றியபின் பிழைப்பது மிக அரிது. நாய்க்குரிய தடுப்பூசியை ஆண்டுதோறும் போடுவித்து, அந்த அட்டையைக் காணி உறுதியும் பிறப்புச் சான்றிதழ்களும் இருக்கும் அதே பொலித்தீன் பையில் வைத்துக்கொள்ளுங்கள்.