வயலுக்கேற்ற கருவி

நாற்று நட்ட வயலில் பயிரை முந்திக்கொண்டு வளர்வது களை. அதனைக் கையால் பறிக்கும் வேலையைத் தமிழகத்தில் பெரும்பாலும் பெண்களே செய்துவருகின்றனர். சேற்றில் நின்று, பொழுதெல்லாம் குனிந்த முதுகு நிமிராமல் செய்யும் வேலை அது. இந்த வேலையின் கடுமையைக் குறைக்கும் கருவி எத்தகையதாக இருக்க வேண்டும்?

2015–16ஆம் ஆண்டின் வேளாண் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் ஓர் உழவரின் சராசரி நிலம் 0.75 எக்டேர், அதாவது, இரண்டு ஏக்கருக்கும் குறைவு. அதுவும் வரப்புகளால் துண்டுபட்டுக் கிடக்கும். அங்கே பெரிய இயந்திரம் திரும்புவதற்கும் இடம் போதாது. அதன் விலைக்கு அவ்விளைச்சலும் போதாது. இடத்திற்கும் மக்களின் வசதிக்கும் ஏற்ற தொழில்நுட்பமே வேண்டும் என்னும் கருத்தை, 1973இல் வெளிவந்த 'சிறியதே அழகு' என்னும் நூலில் இ. எஃப். ஷூமாக்கர் வலியுறுத்தினார். தஞ்சையில் பிறந்த ஜே. சி. குமரப்பா அவருக்கு முன்பே கிராமத்தை நடுவாகக் கொண்ட பொருளியலை எடுத்துரைத்தவர்.

உருளும் களைக்கருவி

செம்மை நெல் சாகுபடியில் 14 நாள் வயதுடைய இளநாற்றைக் குத்துக்கு ஒன்றாக, 22.5 செ.மீ. இடைவெளியில் சதுரமாக நடுவர். அவ்விடைவெளியில் ஓடுவதே 'கோனோவீடர்' எனப்படும் உருளும் களைக்கருவி. நீண்ட கைப்பிடி, முன்புறம் ஒரு மிதவை, பற்களுடைய இரு கூம்பு உருளைகள், இவ்வளவுதான் அதன் உறுப்புகள். வயலில் சிறிதளவு நீரை நிறுத்தி, நின்றபடியே முன்னும் பின்னும் தள்ளினால், உருளைகள் களையைப் பிடுங்கிச் சேற்றில் அமிழ்த்திவிடும். களை மட்கி உரமாகும். மண் கிளறப்படுவதால் வேருக்குக் காற்றும் கிடைக்கும். எரிபொருள் வேண்டா. பழுதானால் ஊர்ப் பட்டறையிலேயே சரிசெய்துகொள்ளலாம்.

ஆயினும், நடவு வரிசை பிசகினால் இக்கருவி பயனற்றது. கயிறு பிடித்து, அடையாளம் பார்த்து நடவேண்டியிருப்பதால், விரைந்து நட்டுப் பழகிய கைகளுக்குத் தொடக்கத்தில் கூடுதல் நேரமாகும். நீர் வற்றி இறுகிய களிமண்ணில் உருளைகள் நகர மறுக்கும்.

கூலி யாருக்கு?

இவற்றினும் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. கையால் களை பறித்தவரை அது பெண்களின் வேலை. கருவி வந்ததும் பல ஊர்களில் அது ஆண்களின் வேலையாயிற்று. சேற்றில் தள்ளுவதற்கு வலிமை வேண்டும் என்பது காரணமாகக் கூறப்பட்டது. பெண்களின் முதுகுவலி குறைந்தது உண்மையே; அவர்கள் கைக்கு நேரே வந்த கூலியும் அதனோடு போயிற்று. நிலமில்லாத குடும்பத்தில் அக்கூலியே அரிசியும் பள்ளிச் செலவும் ஆகும். நில உடைமையாளருக்குப் பொருந்திய கருவி உழைப்பவருக்கும் பொருந்தியது என்று கொள்வதற்கில்லை.

இதற்காகக் கருவியையே ஒதுக்கவேண்டியதில்லை. எடை குறைந்த களைக்கருவிகள் இன்று கிடைக்கின்றன. தள்ளுபவரின் உயரத்திற்கேற்பக் கைப்பிடியை அமைப்பதும் பட்டறையில் முடியக்கூடிய வேலையே. ஒரு மகளிர் குழு அத்தகைய நான்கைந்து கருவிகளை வாங்கி வைத்துக்கொண்டால், களையெடுப்பை ஏக்கர் கணக்கில் பேசி முடிக்கலாம். பேரமும் கூலியும் அவர்கள் கையிலேயே இருக்கும்.