பயந்தாங்கொள்ளி நாயும் பக்கத்து வீட்டு யோசனைகளும்

குக்கர் விசிலுக்குக் கட்டிலடியில் பதுங்கும் நாய் ஒன்று வீட்டில் இருந்தால் போதும், அந்தத் தெருவில் யோசனை சொல்லாத ஆளே இருக்க மாட்டார். "ரெண்டு தட்டு தட்டுங்க, சரியாகிடும்" என்பார் ஒருவர். "கொஞ்சிக் கொஞ்சித்தான் கெடுத்துட்டீங்க" என்பார் இன்னொருவர். "ராஜபாளையம்னு சொன்னீங்களே, இப்படி நடுங்குது?" என்று மூன்றாமவர் வாங்கின விலையையே சந்தேகிப்பார். ராஜபாளையம் நாய் இனத்துக்கு 2005இல் இந்திய அஞ்சல்துறை தபால்தலை வெளியிட்டது உண்மைதான். அந்தப் பெருமை குட்டிக்குத் தெரியாதே! இந்த யோசனைகளில் சில வீண். சில, இருக்கிற பயத்தை இரட்டிப்பாக்கும். அதிகம் புழங்குபவற்றை மட்டும் பார்ப்போம்.

"பாவம், சின்ன வயசுல யாரோ அடிச்சிருக்காங்க"

எடுத்து வளர்த்த நாய் துடைப்பத்தைக் கண்டு ஒடுங்கினால், மனதுக்குள் உடனே ஒரு கொடுமைக்காரனை உருவாக்கிவிடுகிறோம். அடிபட்ட நாய்கள் இருக்கின்றன, மறுக்கவில்லை. ஆனால் யாருமே கை வைக்காத நாயும் இதேபோல் நடுங்கும்.

குட்டிக்கு 3ஆவது வாரத்திலிருந்து ஏறத்தாழ 12, 14ஆவது வாரம்வரை ஒரு பருவம் உண்டு. அப்போது பார்த்ததும் கேட்டதும் மோந்ததும் பிற்பாடு அதற்குப் பழகிய உலகமாகிவிடும். அப்போது வாழ்க்கையில் வராதவை எல்லாம் அந்நியம். அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் பார் ஹார்பர் என்ற ஊரில் ஜான் பால் ஸ்காட், ஜான் ஃபுல்லர் என்ற இருவர் நாய்களை ஆண்டுக்கணக்கில் வளர்த்து இதை ஆராய்ந்து 1965இல் புத்தகமாக்கினார்கள். அங்கே நடந்த ஒரு சோதனையின் முடிவு 1961இல் வெளியானது. குட்டிகளைத் தாயோடு பெரிய வேலிக்குள் விட்டு, மனிதர் அண்டாமல் வளர்த்தார்கள். 14 வாரம்வரை மனிதரோடு சேராத குட்டிகள், பிறகு எவ்வளவு பழக்கியும் காட்டு விலங்குபோல் ஒதுங்கியே நின்றன. அவற்றை ஒருவரும் அடிக்கவில்லை.

நம் ஊரில் என்ன நடக்கிறது? குட்டி வீட்டுக்கு வந்ததும் "எல்லாத் தடுப்பூசியும் முடியட்டும்" என்று நான்கு மாதம்வரை ஃபிளாட்டுக்குள்ளேயே வைத்திருக்கிறோம். குட்டிகளைத் தாக்கும் பார்வோ வைரஸைப் பற்றிய அச்சம் நியாயமானதுதான். அதற்காக மொத்தமாகப் பூட்டிவைக்க வேண்டியதில்லை. முதல் ஊசி போட்டு ஒரு வாரம் ஆனபின் குட்டியை வெளியுலகத்துக்குப் பழக்கத் தொடங்கலாம் என்று அமெரிக்காவின் விலங்கு நடத்தை மருத்துவர்கள் சங்கம் 2008இலேயே சொல்லிவிட்டது. தெருநாய்கள் திரியும் மண்ணில் இறக்கிவிடாமல், கையில் தூக்கிக்கொண்டு போகலாம். பூக்கடை, பஸ் ஸ்டாப், பள்ளிக்கூடம் விடும் நேரம், ஹெல்மெட் போட்டவர், குடை பிடித்தவர், சேலை கட்டிய பாட்டி என எல்லாரையும் இடுப்பில் இருந்தபடியே பார்க்கட்டும்.

பருவம் தப்பிய நாய்க்குக் கதி இல்லையா? இருக்கிறது, மெதுவாக. தாயின் சுபாவமும் குட்டியில் இறங்கும் என்பதால், சில நாய்கள் எவ்வளவு பழக்கினாலும் கல்யாண வீட்டில் உலா வரும் நாயாக மாறப்போவதில்லை. மொட்டைமாடியில் நிம்மதியாக உட்கார்ந்தால் அதுவே நல்ல முன்னேற்றம்.

"பயப்படும்போது தடவிக் கொடுத்தால் பயம் ஏறும்"

படித்த பயிற்சியாளர்கள்கூட இதைச் சொல்கிறார்கள். பரிசு கொடுத்தால் ஒரு செயல் பெருகும் என்பது சரிதான். உட்கார்ந்ததற்குப் பிஸ்கட் கொடுத்தால் மறுபடி உட்காரும். ஆனால் நடுக்கம் நாய் யோசித்துச் செய்யும் வேலை அல்ல. ஊசிக்கு அழும் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டதால் அடுத்த ஊசிக்கு அது கூடுதலாக அழுவதில்லை. இடி இடிக்கும்போது நாய் உங்கள் காலடிக்கு வந்தால் தாராளமாகத் தடவிக்கொடுங்கள். வராமல் குளியலறையில் போய்ப் படுத்தால் அங்கேயே விடுங்கள். தேடிப் பிடித்து இறுக அணைப்பது நமக்கு ஆறுதல். நாய்க்கு அது இன்னொரு பிடி.

"பயப்படுற இடத்துக்கே இழுத்துட்டுப் போங்க, பழகிடும்"

இதுதான் இருப்பதிலேயே ஆபத்தானது. காரணம், பார்ப்பதற்கு இது பலித்ததுபோலவே தெரியும். பஸ் சத்தத்துக்குப் பதறிய நாயைச் சங்கிலி போட்டு மெயின்ரோட்டில் தினமும் நிறுத்தினால், சில நாளில் அது இழுப்பதை நிறுத்திவிடும். உடம்பைக் குறுக்கிக்கொண்டு அசையாமல் நிற்கும். "பாத்தீங்களா!" என்பார் யோசனை சொன்னவர்.

அப்படி நிற்பது தைரியமா என்பதற்குப் பதில் 1967இல் வந்தது. மார்ட்டின் செலிக்மன், ஸ்டீவன் மேயர் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் நாய்களுக்கு மின்னதிர்ச்சி கொடுத்தார்கள். இன்று யாரும் அனுமதிக்காத சோதனை. ஒரு கூட்டத்துக்கு, தலையால் ஒரு பலகையை அழுத்தினால் அதிர்ச்சி நின்றுவிடும். இன்னொரு கூட்டத்துக்கு, என்ன செய்தாலும் நிற்காது. பிறகு இரண்டையும் ஒரு தாழ்ந்த தடுப்புள்ள பெட்டியில் விட்டார்கள். தாண்டிக் குதித்தால் தப்பிக்கலாம். முதல் கூட்டம் குதிக்கக் கற்றுக்கொண்டது. இரண்டாவது கூட்டத்தில் பல நாய்கள் முயற்சிகூடச் செய்யாமல் படுத்துக்கிடந்தன. தன்னால் ஆவது ஒன்றுமில்லை என்று முடிவுகட்டிய நாயும் அமைதியாகத்தான் இருக்கும். மெயின்ரோட்டில் நிற்பது எந்த அமைதி என்று தெரிய வேண்டுமா? கோழி ஈரல் ஒரு துண்டை மூக்கருகே நீட்டுங்கள். வீட்டில் தாவிப் பறிக்கும் நாய் அங்கே முகத்தைத் திருப்பினால் அது பழகவில்லை.

பலிக்கும் வழியும் பழசுதான். 1924இல் மேரி கவர் ஜோன்ஸ் என்ற உளவியலாளர், முயலைக் கண்டு அலறும் பீட்டர் என்ற சிறுவனைப் பற்றி எழுதினார். அவனுக்குப் பிடித்ததைச் சாப்பிடக் கொடுத்துவிட்டு, கூண்டில் அடைத்த முயலை அவன் அலட்டிக்கொள்ளாத தொலைவில் வைத்தார்கள். அடுத்தடுத்த முறைகளில் சற்றுச் சற்று அருகே கொண்டுவந்தார்கள். கடைசியில் முயல் தன் விரல்களைக் கொறிக்கும்படி அவன் விட்டான். நாய்க்கும் ஏறத்தாழ இதேதான், வரிசை மட்டும் வேறு. பஸ் தெரிய வேண்டும், ஆனால் நாய் ஈரல் தின்னும் நிலையில் இருக்க வேண்டும். அந்தத் தொலைவு ஐந்து வீடு தள்ளி இருந்தாலும் சரி, அங்கிருந்துதான் தொடக்கம். பஸ் தெரிந்தபின் ஈரல், பஸ் போனதும் ஈரல் இல்லை. வரிசை மாறி முதலில் ஈரல் வந்தால், ஈரலே ஆபத்துக்கு அறிகுறியாகிவிடும். நாய் திரும்பி நடந்தால் கூடவே நடந்துவிடுங்கள். விலகிப் போக வழி உண்டு என்று தெரிந்த நாய்தான் அருகே போய்ப் பார்க்கும்.

நடுவில் சறுக்கும். அதே 1924இல் ரஷ்யாவின் லெனின்கிராடில் பெருவெள்ளம் வந்து, நாய்களைப் பழக்கி ஆராய்ந்த பாவ்லோவ் என்ற உடலியலாளரின் ஆய்வுக்கூட நாய்கள் மூழ்கும் நிலையில் மீட்கப்பட்டன. பிறகு சில நாய்கள் கற்றதையெல்லாம் இழந்திருந்தன. பொறுமையாகத் தேற்றி மீட்ட பின்னும், கதவடியில் கொஞ்சம் தண்ணீர் கசியவிட்டதும் ஒரு நாய் பழையபடி குலைந்துபோனது. ஒரு பட்டாசு மூன்று மாத உழைப்பைக் கலைத்தால், மறுபடி ஐந்து வீடு தள்ளியிருந்து தொடங்க வேண்டியதுதான்.

"எசமான் யாருன்னு காட்டணும்"

மல்லாக்கப் புரட்டி அமுக்குவது, கழுத்தைப் பிடித்து உலுக்குவது எல்லாம் இந்தக் கணக்கில்தான் வருகின்றன. இதற்கு மூலம், ஓநாய்க் கூட்டத்தில் தலைமைக்கு ஓயாத மோதல் என்று 1947இல் ருடால்ஃப் ஷெங்கெல் அடைபட்ட ஓநாய்களைப் பார்த்து எழுதிய கட்டுரை. 1970இல் ஓநாய் ஆய்வாளர் டேவிட் மெக் தன் புத்தகத்தின் வழியே அதைப் பரப்பினார். பின்னர் கனடாவின் எல்ஸ்மியர் தீவில் காட்டு ஓநாய்களைக் கோடைதோறும் கவனித்தவர், ஓநாய்க் கூட்டம் என்பது அப்பா, அம்மா, பிள்ளைகள் கொண்ட குடும்பம் என்று 1999இல் எழுதித் தன் பழைய கருத்தைத் தானே திருத்திக்கொண்டார். நம் தெருவுக்கு அந்தத் திருத்தம் இன்னும் வந்து சேரவில்லை. பயந்த நாய் உறுமினால் "தள்ளிப் போ" என்று பொருள். உறுமியதற்கு அடித்தால் உறுமல் நின்றுவிடும், பயம் நிற்காது. அடுத்த முறை அறிவிப்பில்லாமல் பல் படும்.

மற்றவற்றைச் சுருக்கமாக முடித்துவிடலாம். வாலாட்டும் நாயெல்லாம் மகிழ்ச்சியில் இல்லை. இறுகிய உடம்போடு, தாழ்ந்த வால் நுனி மட்டும் ஆடினால் பதற்றமாக இருக்கலாம். பசியில்லாமல் நாக்கால் மூக்கை நக்குவதும் தூக்கமில்லாமல் கொட்டாவி விடுவதும் அப்படியே. துணைக்கு இன்னொரு நாய் சில நாய்களுக்கு ஆறுதல்தான். ஆனால் பெரியதைப் பார்த்துக் குட்டியும் பயந்து பழகினால் வீட்டில் இரண்டு பயந்தாங்கொள்ளிகள். நாள் முழுக்கக் கட்டிப்போட்டால் வீரம் வரும் என்பார்கள். வருவது விலகி ஓட முடியாததன் சீற்றம்.

பலரும் சொல்ல மறந்த யோசனை ஒன்று உண்டு. மோப்பம் பிடிக்க விடுங்கள். ஷார்லட் டுராண்டனும் அலெக்சாண்டிரா ஹொரோவிட்ஸும் 2019இல் வெளியிட்ட ஆய்வில், சில நாய்களுக்கு ஒளித்துவைத்த தீனியை மோந்து தேடும் விளையாட்டையும், சிலவற்றுக்குக் காலோடு ஒட்டி நடக்கும் பயிற்சியையும் இரண்டு வாரம் கொடுத்தார்கள். பிறகு தீனி இருக்குமா இருக்காதா என்று சொல்ல முடியாத இடத்தில் கிண்ணத்தை வைத்தபோது, மோந்து தேடிப் பழகிய நாய்கள் முன்பைவிட வேகமாகப் போய்ப் பார்த்தன. நடக்கப் பழகியவற்றிடம் அந்த மாற்றம் இல்லை. சோற்றில் ஒரு பங்கை மாடித் தொட்டிகளுக்கிடையே ஒளித்துவைக்க ஒரு ரூபாய்கூடச் செலவில்லை.

"தீபாவளிக்கு ஒரு தூக்க மாத்திரை கொடுத்தால் போச்சு"

நம் மருந்துப் பெட்டியிலிருந்து எதையும் கொடுக்காதீர்கள். வழக்கமாகத் தரப்படும் அசிபுரோமசின் என்ற மருந்திலும் ஒரு சிக்கல் உண்டு. அதை மட்டும் கொடுத்தால் உடம்பு ஓயும், பயம் ஓயாது. எழுந்து ஓட முடியாமல் எல்லா வெடியையும் கேட்டுக்கொண்டே கிடக்கும். பயத்தையே தணிக்கும் மருந்துகள் வேறு இருக்கின்றன. வாரக்கணக்கில் கொடுத்தால்தான் வேலைசெய்பவை சில, அன்றைக்கு மட்டும் கொடுப்பவை சில. கால்நடை மருத்துவரிடம் ஒரு மாதம் முன்பே பேசுங்கள். அதுவரை பயப்படாத நாய் நடுவயதில் திடீரென்று சத்தத்துக்கு அஞ்சத் தொடங்கினால் மூட்டுவலி இருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். வலி உள்ள நாய்கள் சத்தத்துக்கு அஞ்சுவதை 2018இல் வெளியான ஓர் ஆய்வு கவனித்திருக்கிறது.

தமிழ்நாட்டில் 2018 முதல் தீபாவளி வெடிக்குக் காலை 6 முதல் 7, மாலை 7 முதல் 8 என்று நேரம் குறித்திருக்கிறார்கள். யார் கடைப்பிடிக்கிறார்கள் என்று கேட்காதீர்கள். இருந்தாலும் விடிவதற்கு முன்பே ஒரு நடை, மாலை 5 மணிக்குள் இன்னொன்று என்று முடித்துவிடலாம். ஜன்னல் இல்லாத அறையில் பழைய போர்வையை விரித்து, ஃபேனை முழு வேகத்தில் ஓடவிட்டு, கதவைத் திறந்தே வையுங்கள். வாசல் கேட்டை மட்டும் பூட்டுங்கள். வெடிக்குப் பயந்து ஓடும் நாய்க்குத் திரும்பும் வழி தெரியாது. கழுத்துப் பட்டையில் உங்கள் செல்போன் எண் அழியாத மையில் இருக்கட்டும்.