பதினேழே போதும்

கடலூர் முதுநகரிலிருந்து சிதம்பரத்துக்கு ஹைபிரிட் காரில் போய்வந்துகொண்டிருப்பவன் நான். இந்தப் பக்கத்து ரோட்டில் வண்டியைக் காப்பாற்றுவது ரிம்முக்கும் ரோட்டுக்கும் நடுவில் இருக்கிற ரப்பர்தான் என்பது என் தீர்மானமான அபிப்பிராயம். டயர் கடைக்குப் போனால் பேச்சு முழுக்க ரிம்மைப் பற்றியே இருக்கும். “பதினெட்டு போடுங்க சார், லுக்கே மாறிடும்” என்பார்கள். லுக் மாறும். கூடவே வேறு சிலதும் மாறும்.

2022-இல் வந்த டொயோட்டா ஹைரைடர், மாருதி கிராண்ட் விட்டாரா ஹைபிரிட் இரண்டுக்கும் கம்பெனி தந்த டயர் 215/60 ஆர்17. அகலம் 215 மில்லிமீட்டர். அதில் 60 சதவீதம், அதாவது 129 மில்லிமீட்டர், பக்கச் சுவரின் உயரம். 17 என்பது ரிம்மின் விட்டம், அங்குலத்தில். 18-க்குப் போகிறவர் 215/55 டயர் போட்டால் மொத்த விட்டம் அவ்வளவாக மாறாது. 690 மில்லிமீட்டர் 694 ஆகும். பக்கச் சுவர் மட்டும் 118-க்கு இறங்கிவிடும். பார்வைக்கு கம்பீரமாக இருக்கட்டும் என்று 225/55 போட்டால் விட்டம் 705-ஐத் தொடும். மீட்டர் 100 காட்டும்போது வண்டி 102-இல் ஓடும். ஓடிய தூரத்தையும் மீட்டர் குறைத்தே எண்ணும், அதனால் மைலேஜ் இறங்கிவிட்டதுபோலத் தோன்றும்.

சிதம்பரத்தில் இருக்கும் என் மைத்துனனும் என்னுடைய மாடலேதான் வைத்திருக்கிறான், 18 அங்குல ரிம்மோடு. இரண்டையும் மாற்றி மாற்றி ஓட்டிப் பார்த்திருக்கிறேன். புது நான்குவழிச் சாலையில் அவன் வண்டி நன்றாகவே இருக்கிறது. வளைவில் என்னுடையதைவிடச் சட்டென்று திரும்புகிறது. குட்டைப் பக்கச் சுவர் அதிகம் நெளியாது, அதுதான் காரணம். ஆலப்பாக்கம், புதுச்சத்திரம் வழியே பழைய ரோட்டில் போனால் கதை வேறு. வேகத்தடைக்கு வேகத்தடை, ஒட்டுப்போட்ட தார், மழை அரித்த ஓரம் எல்லாம் முதுகெலும்புக்கு வந்து சேரும். சிப்காட் தொழிற்பேட்டைப் பக்கம் லாரிச் சக்கரங்கள் அழுத்திய தடத்தில் அகல டயர் தடம் பிடித்துக்கொண்டு ஓடும். ஸ்டியரிங்கை இழுத்துப் பிடிக்க வேண்டியிருக்கும். “பள்ளத்துல விட்டா ரிம்முலயே தட்டுது மாமா” என்று அவனே சொல்வான். ஆனாலும் மாற்ற மாட்டான்.

இன்னோவா ஹைகிராஸின் உயர்ந்த ரகத்துக்குக் கம்பெனியே 225/50 ஆர்18 தருகிறதே என்று கேட்கலாம். தருகிறது. அந்த டயருக்கு ஏற்ற ஸ்பிரிங், ஷாக், ஸ்டியரிங் எல்லாம் சேர்த்துத்தான் தருகிறது. நாம் கடையில் மாற்றுவது சக்கரத்தை மட்டும்.

ஹைபிரிட்டில் ஸ்டியரிங்கைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பழைய வண்டிகளில் என்ஜின் சுற்றினால்தான் பவர் ஸ்டியரிங் பம்பு சுற்றும். ஹைபிரிட்டில் வண்டி ஓடும்போதே என்ஜின் பாதியில் நின்றுவிடும், அதனால் ஸ்டியரிங்குக்கு மின்மோட்டார்தான் துணை. விரலால் சுற்றலாம் போல லேசாக இருக்கும். அந்தச் சுகத்தில் ஒரு கெடுதல் உண்டு. முன்பெல்லாம் முன்டயரில் காற்று இறங்கினால் ஸ்டியரிங் கனக்கும், நமக்குத் தெரிந்துவிடும். இப்போது மோட்டார் அந்தக் கனத்தைப் பெருமளவு தானே வாங்கிக்கொள்கிறது. கையை நம்பாமல் கண்ணையும் காற்றுமானியையும் நம்புங்கள். காலையில் வண்டி எடுப்பதற்கு முன், டயர் குளிர்ந்திருக்கும்போது பாருங்கள். அளவு டிரைவர் கதவோரத் தூணில் ஒட்டியிருக்கும். மீன் இறங்குகிற துறைமுகத் தெருவில் வண்டி நிறுத்துகிறவர்கள் இதை இன்னும் அடிக்கடி பார்க்க வேண்டும். உப்புத் தண்ணீர் பட்டுப் பட்டு அலாய் ரிம்மும் டயரும் சேரும் விளிம்பில் வெள்ளையாகப் பூத்துவிடும். பஞ்சரே இல்லாமல் காற்று மெல்ல இறங்கும். புதுடயர் மாற்றும்போது அந்த விளிம்பைத் தேய்த்துச் சுத்தம் செய்யச் சொல்லுங்கள்.

லேசாக இருக்கிறதே என்று வண்டி நின்ற இடத்திலேயே ஸ்டியரிங்கை முழுக்க ஒடிக்காதீர்கள். சிதம்பரம் சன்னதித் தெருக்களில் வண்டி திருப்பும்போது எல்லோரும் இதைத்தான் செய்கிறோம். டயரும் டை ராடும் தேயும். ஓரடி நகர்ந்துகொண்டே திருப்பினால் போதும்.

ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் மோட்டார் ஜெனரேட்டராக மாறி பேட்டரிக்கு மின்சாரம் தரும், அந்த இழுவையில் வண்டி வேகம் குறையும். முன்சக்கரம் இழுக்கும் வண்டிகளில் இந்தப் பிடிப்பு முழுக்க முன்சக்கரத்தில்தான். கியரை ‘பி’ (B) நிலையில் வைத்தால் இன்னும் கூடும். காய்ந்த ரோட்டில் அது நல்லது. மழையில், வளைவுக்கு நடுவில், மணல் படர்ந்த இடத்தில் சட்டென்று காலை எடுத்தால் திருப்புகிற வேலையும் நிறுத்துகிற வேலையும் ஒரே ஜோடி டயரின் தலையில் விழும். வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிட்டு ‘டி’யிலேயே போவது என் வழக்கம்.

சத்தமில்லாமல் ஓடுவதில் ஒரு லாபம் இருக்கிறது. என்ஜின் நின்று மின்சாரத்தில் மெல்லப் போகும்போது கண்ணாடியை இறக்கிவிட்டுக் கேளுங்கள். டயரில் சிக்கிய கல், தேய்ந்த பேரிங், ஏறுக்குமாறாகத் தேய்ந்த ரப்பர் எல்லாம் தனித்தனிக் குரலில் சொல்லிவிடும். டீசல் வண்டிக்காரருக்கு இந்த வாய்ப்புக் கிடையாது.

அலைன்மென்ட் பார்த்தபிறகு ஸ்டியரிங் கோணலாக இருந்தால், சில கடைகளில் ஸ்டியரிங்கையே கழற்றி நேராக மாட்டித் தருகிறேன் என்பார்கள். விடாதீர்கள். வண்டி சறுக்காமல் பிடிக்கிற கருவி, ஸ்டியரிங் எவ்வளவு திரும்பியிருக்கிறது என்பதைச் சென்சரில் படித்துத்தான் வேலை செய்கிறது. டை ராடில்தான் சரிசெய்ய வேண்டும். இன்னொன்று: ஜாக்கி வைப்பதற்கு முன் வண்டி முழுவதும் ஆஃப் ஆகியிருக்கிறதா என்று நீங்களே பாருங்கள். என்ஜின் சத்தம் இல்லை என்று கடைப்பையன் உள்ளே கை விடுவான். ரெடி விளக்கு எரிந்துகொண்டிருந்தால் என்ஜின் எந்த நேரமும் தானே கிளம்பும்.

பெரிய ரிம் போட்டே தீருவேன் என்கிறவர்கள் முதலில் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவைப் பார்த்துவிட்டு, காப்பீட்டுக் கம்பெனியிடமும் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அந்தப் பணத்தை மழையில் நன்றாகப் பிடிக்கிற, உருளும்போது குறைவாக இழுக்கிற 17 அங்குல டயரில் போடுவதே என் யோசனை. ஐப்பசி மழை பிடிப்பதற்குள் டயர் பள்ளத்தின் ஆழத்தை அளந்துவிடுங்கள்; 1.6 மில்லிமீட்டர் என்பது சட்டம் அனுமதிக்கிற கடைசி அளவு, நம் ஊர் மழைக்கு 3 இருக்கும்போதே மாற்றிவிட வேண்டும்.