வலித்தால் வாய்விட்டுச் சொல்லுங்கள்

“நல்லா அமுக்கினாத்தான் சரியாகும்” என்று பல்லைக் கடித்துக்கொண்டு தைல மேசையில் கிடப்பவர்கள் நம் ஊரில் அதிகம். தொக்கணம், அதாவது சித்த மருத்துவ மசாஜ், செய்கிறவருக்குத் தசை எங்கே இறுகியிருக்கிறது என்பது விரலிலேயே தெரிந்துவிடும். உங்களுக்கு எவ்வளவு வலிக்கிறது என்பது நீங்கள் சொன்னால்தான் தெரியும்.

சித்த மருத்துவம் புற மருந்துகளை 32 என்று வகுத்திருக்கிறது. அதில் ஒன்று தொக்கணம். அதற்குள்ளேயே தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், அழுத்தல், இழுத்தல் என ஒன்பது முறைகள் உண்டு. எல்லாருக்கும் ஒன்பதும் கிடையாது. தாம்பரம் சானடோரியத்தில் உள்ள தேசிய சித்த மருத்துவ நிறுவனத்துக்கோ பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ போனால், முதலில் ஓபி சீட்டு, பிறகு மருத்துவர். எந்தத் தைலம், எத்தனை நாள் என்று அவர் எழுதித் தந்த பிறகுதான் தொக்கணம். தனியார் இடத்தில் யாரும் எதுவும் கேட்காமல் நேரே மேசைக்குக் கூட்டிப் போனால், அப்படியே திரும்பி வந்துவிடலாம்.

செய்ய வேண்டியவை

சாப்பிடுகிற மாத்திரைகளின் சீட்டைக் கையோடு கொண்டுபோங்கள். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுப்பவர்களுக்கு அழுத்தித் தேய்த்தால் தோலுக்கடியில் ரத்தம் கட்டலாம். எலும்பு மெலிந்த வயதானவர்களுக்கு முதுகில் கனமான கை ஆகாது. நாள் தள்ளிப்போயிருந்தால் அதையும், பழைய ஆபரேஷன், உடலுக்குள் வைத்த பிளேட், புற்றுநோய் சிகிச்சை இருந்தால் அவற்றையும், கேட்காவிட்டாலும் சொல்லிவிடுங்கள்.

சர்க்கரை நோயால் பாதம் மரத்துப்போனவர்கள் இதைத் தனியாகச் சொல்ல வேண்டும். காரணம் கிழி. இலைகளை வதக்கித் துணியில் மூட்டையாகக் கட்டி, சட்டியில் தைலம் விட்டுச் சூடாக்கி உடம்பில் ஒற்றுவார்கள். இரண்டு மூட்டைகள் மாறி மாறி வரும். ஒன்று உங்கள் முதுகில் இருக்கும்போது மற்றொன்று சட்டியில் காய்ந்துகொண்டிருக்கும். அனுபவசாலி ஒவ்வொரு தடவையும் மூட்டையைத் தன் புறங்கையில் ஒற்றிப் பார்த்துவிட்டுத்தான் உங்கள் மேல் வைப்பார். அவசரக்காரர் முதல் தடவை மட்டும் பார்ப்பார். மரத்த பாதத்துக்குச் சூடு உறைக்காது. கொப்புளம் கிளம்பிய பிறகுதான் விஷயம் தெரியும்; சர்க்கரைக்காரருக்கு அந்தப் புண் லேசில் ஆறாது.

வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுப் போகாதீர்கள். காலி வயிறும் வேண்டாம். சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்துப் போவது நல்லது.

உடை விஷயத்தைக் கூச்சப்படாமல் முன்கூட்டியே கேளுங்கள். பல இடங்களில் கோவணத் துணியோ பேப்பர் உள்ளாடையோ தருவார்கள். ஆணுக்கு ஆண், பெண்ணுக்குப் பெண் என்பதுதான் ஒழுங்கான இடங்களின் வழக்கம். எதைக் கழற்றச் சங்கடமாக இருக்கிறதோ அதைக் கழற்ற வேண்டியதில்லை. துணைக்கு வந்தவர் உள்ளே இருக்கட்டும் என்று நினைத்தால் கேட்டுக்கொள்ளலாம். அதற்கு முகம் சுளிக்கிற இடம் உங்களுக்கு வேண்டாம்.

இனி வலி. அமுக்கும்போது “ஆங், அங்கதான்” என்று சொல்லத் தோன்றுகிற வலி ஒரு ரகம். மூச்சை மெதுவாக விட்டால் அதுவே தளரும். சுரீரென்று காலுக்கோ விரல் நுனிக்கோ ஓடுகிற வலி வேறு ரகம். நரம்பு நசுங்கிக்கொண்டிருக்கலாம். முதல் ரகத்துக்கு “அண்ணே, கொஞ்சம் மெதுவா” போதும். இரண்டாவதற்கு “நிறுத்துங்க” என்றே சொல்ல வேண்டும். தைலம் சூடாக இருந்தாலும், குளிர்ந்தாலும், கழுத்து ஒருபக்கமாக மடங்கிக் கிடந்தாலும் சொல்லுங்கள். அவர் கோபித்துக்கொள்ள மாட்டார். கைப்பக்குவம் உள்ளவர்கள் தாங்களாகவே நடுநடுவே கேட்பார்கள்.

முடிந்ததும் துள்ளி எழாதீர்கள். ஒருக்களித்துப் புரண்டு, உட்கார்ந்து, காலைத் தொங்கவிட்டுக் கொஞ்ச நேரம் இருங்கள். தலைசுற்றல் வரலாம். அதைவிட ஆபத்து உள்ளங்கால் எண்ணெய். பாதத்தைத் துணியால் துடைத்துவிட்டுத்தான் தரையில் வைக்க வேண்டும். வீட்டுக்கு வந்தபின் ஓரிரு நாள் உடம்பு அடித்துப்போட்ட மாதிரி இருந்தால் பயப்பட வேண்டாம். மூன்றாம் நாளும் அப்படியே இருந்தால் கை கனமாகிவிட்டது. அடுத்த முறை மேசையில் ஏறும் முன்பே சொல்லிவிடுங்கள்.

செய்யக்கூடாதவை

ஒரு கால் மட்டும் வீங்கி, கெண்டைக்கால் சூடாக வலித்தால் அதைத் தேய்க்கக் கொடுக்கவே கூடாது. பல நாள் படுக்கையில் இருந்தவர்களுக்கும், ஆபரேஷன் ஆனவர்களுக்கும், நீண்ட பயணம் செய்தவர்களுக்கும் ஆழமான சிரையில் ரத்தம் உறைந்திருக்கலாம். தேய்த்தால் அந்தக் கட்டி பெயர்ந்து நுரையீரலுக்குப் போகலாம். உயிர் போகிற விஷயம்.

நெஞ்சில் தொடங்கித் தோளுக்கும் இடது கைக்கும் பரவுகிற வலியை “வாயுப் பிடிப்பு” என்று தைலம் போட்டு நீவாதீர்கள். உடனே ஈசிஜி எடுங்கள். காய்ச்சல், தோல் புண், புது அடிபட்ட வீக்கம், எலும்பு முறிவுச் சந்தேகம் இவற்றோடும் தொக்கணம் வேண்டாம். இடுப்புவலியோடு சிறுநீர், மலம் அடக்க முடியாமல் போனாலோ தொடையிடுக்கு மரத்துப்போனாலோ அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரி.

சலூனில் முடிவெட்டிய கையோடு தலையைப் பிடித்து “டக்”கென்று திருப்பிச் சொடக்கு எடுக்கிறார்களே, அதற்கு மட்டும் தலையைக் கொடுக்காதீர்கள். இலவசமாகக் கிடைக்கிறது, சத்தம் கேட்டதும் சுகமாக இருக்கிறது என்பதெல்லாம் சரி. ஆனால் மூளையின் பின்பகுதிக்கு ரத்தம் கொண்டுபோகும் இரண்டு தமனிகள் கழுத்தெலும்புகளில் இருக்கும் துளைகள் வழியாகத்தான் ஏறுகின்றன. சடாரென்ற திருப்பலில் அவற்றின் உட்சுவர் கிழிந்து பக்கவாதம் வந்தவர்கள் உண்டு. அரிதுதான். ஆனால் அந்த அபாயத்தை ஏற்கும் அளவுக்கு அந்தச் சொடக்கில் ஒரு பலனும் இல்லை.

பச்சைக் குழந்தைக்கு மூக்கிலும் காதிலும் எண்ணெய் விடாதீர்கள், பாட்டி எவ்வளவு வற்புறுத்தினாலும். மூக்கில் விட்ட எண்ணெய் நுரையீரலுக்கு இறங்கி நிமோனியா ஆகலாம். கற்பூரம் சேர்ந்த தைலம் கைக்குழந்தைக்கு ஆகாது; வலிப்பு வரவைக்கலாம்.

எல்லாம் தொக்கணத்திலேயே தீர்ந்துவிடும் என்று எதிர்பார்க்காதீர்கள். அமெரிக்க மருத்துவர்கள் கல்லூரி 2017இல் வெளியிட்ட இடுப்புவலி வழிகாட்டுதல், புதிதாக வந்த வலிக்கு மசாஜை ஒரு வழியாகச் சொல்கிறது, சான்று வலுவானதல்ல என்ற குறிப்போடு. மூன்று மாதம் தாண்டிய வலிக்கான பட்டியலில் உடற்பயிற்சியும் யோகாவும் இருக்கின்றன, மசாஜ் இல்லை. நாள்பட்ட வலிக்காரர்களுக்குத் தொக்கணம் உடம்பைத் தளர்த்திக் கொடுக்கும். அந்தத் தளர்ச்சியை வைத்துக்கொண்டு பயிற்சியைத் தொடங்காவிட்டால் போன வலி திரும்பி வரலாம். “உடம்பில் இருக்கிற நச்சையெல்லாம் எடுத்துவிடுவோம்” என்று யாராவது சொன்னால், அந்த வேலையைக் கல்லீரலும் சிறுநீரகமும் ஏற்கெனவே பார்த்துக்கொண்டிருக்கின்றன.

21 நாள் பேக்கேஜுக்கு முன்பணம் கட்டாதீர்கள். சில தடவை செய்து பாருங்கள். குனிவதிலோ தூக்கத்திலோ மாற்றம் தெரியவில்லையென்றால், எழுதிக் கொடுத்த மருத்துவரிடமே போய், “இதை ஏன் தொடரணும் டாக்டர்?” என்று கேளுங்கள்.